சாட்டுப் போட்ட ஊரும் என் மகன் எழுதிய கட்டுரையும்

1

இந்த வாரம் உங்கள் ஊரில் சாட்டுப் போட்டிருப்பார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பறையடித்து, நாலு எல்லையிலும் கற்பூரம் காட்டி, ஊர்க்காரர்கள் யாரும் இனி ஊரைவிட்டுப் போகக்கூடாது, வெளியூர்க்காரர்கள் இரவு தங்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். பெருமாள் மலைமேல் இருக்கிறார். கீழே திருப்பதியில் ஊருக்குள் இருந்து காக்கிறவள் அவர் தங்கை கங்கம்மா. ஜாத்திரை முடிகிற அடுத்த புதன்கிழமை விடியல் வரைக்கும் எல்லை அவளுடையது. தாண்டக்கூடாது.

நான் இருப்பது பினாங்கு. துறைமுகத்தில் ஒரு சீன முதலாளியின் அரிசிக் கிட்டங்கியில் கிராணி வேலை. காலையில் குளித்து, நாமம் இட்டுக்கொண்டு, பெருமாள் படத்துக்கு ஒரு பூ வைத்துவிட்டுப் போனால், சாயங்காலம் வரை மூட்டைக்கு ஒரு கோடு போடுகிற வேலை. ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்கு அது போதும். ஊரைவிட்டு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. இத்தனை வருஷத்திலும் இந்த ஒரு வாரம் மட்டும் நான் படகேறி அக்கரைக்குப் போனதில்லை. அக்கரையிலும் எங்கள் முதலாளிக்குக் கிட்டங்கி உண்டு. முதல் வருஷம் கத்தினார். இரண்டாம் வருஷம் என்னைப் பார்த்து நெற்றியில் விரலைச் சுழற்றிக் காட்டினார். இப்போது வேறு ஆளை அனுப்பிவிடுகிறார். இந்தத் தீவுக்குக் கங்கம்மா எல்லை கட்டவில்லைதான். நானே கட்டிக்கொண்டேன்.

நேற்று வியாழக்கிழமை என் மகன் கங்காதரன் மேல்படிப்புக்காகச் சீமைக்குக் கப்பலேறினான். கப்பல் கரைக்கு வராமல் தள்ளிக் கடலில் நின்றது. சின்னப் படகில் கப்பல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வரலாம். எல்லாத் தகப்பன்மாரும் போனார்கள். நான் கரையிலேயே நின்றுவிட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

போன வருஷம் இங்கே தமிழர் வாசகசாலைச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. சமயங்களை ஆராய்கிற ஒரு சங்கத்தார் ஒட்டியது. எந்தச் சமயமானாலும் சரி, எந்த நாட்டு வழிபாடானாலும் சரி, ஏட்டில் உள்ளதோ தெருவில் நடப்பதோ, சடங்கு, நேர்த்திக்கடன், தீட்டு, வேடம், எதைப் பற்றியும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சிட்டிருந்தார்கள். கீழே ஒரு வரி: போற்றவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம், உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் ஜாத்திரையைப் பற்றிப் பாதிரிமார் எழுதினால் ஆபாசம் என்பார்கள். படித்த ஐயர்மார் அப்படி ஒன்று நடப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். தூற்றாமல் எழுத ஒரு இடம் இருக்கிறது என்றால் அங்கே என் தாயார் கங்கம்மாவின் பெயர் வரட்டுமே என்று நினைத்தேன். அறிவிப்பைக் கையால் எழுதிக்கொண்டு வந்து கங்காதரனிடம் கொடுத்தேன். ஆம், நானேதான் கொடுத்தேன்.

அவன் அப்போது சிங்கப்பூரில் காலேஜ் முடித்துவிட்டு வந்திருந்தான். எங்கள் வீட்டில் நான், அவன், அவனை வளர்த்த என் அக்கா முனியம்மா, மூன்று பேர்தான். அக்கா இன்னும் நம்மூர்ப் பேச்சு மாறாதவள். அவன் சின்ன வயதில் என்னை நைனா என்றான். பள்ளிக்கூடம் போனதும் சிநேகிதர் எதிரில் மட்டும் அப்பா ஆனேன். சிங்கப்பூர் போய் வந்ததும் கடிதத்தில் இங்கிலீஷில் ‘மை டியர் ஃபாதர்’ ஆனேன். தமிழைப் பேசுவான். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பான். அக்கா சாப்பாடு போடும்போது, "துன்னுடா, ஆறிப்போவுது" என்றால், "சாப்பிடு என்று சொல்லுங்கள் அத்தை" என்று திருத்துவான்.

"நான் வளத்த வாயி, எனக்கே பாடம் சொல்லுது பாரேன்," என்பாள் அக்கா. "பால் பாட்டில உன் வாயில வெக்கும்போது சாப்பிடு ராசான்னா வெச்சேன்? துன்னுடா மூதேவின்னுதான்டா வெச்சேன்."

அறிவிப்பை அவன் படித்துப் பார்த்தான். கண் விரிந்தது. அந்தச் சங்கத்தின் காரியதரிசி ஒரு வெள்ளைக்காரர், பாதிரி வேலையை விட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவர் ஒரு கடிதம் கொடுத்தால் சீமையில் படிக்க இடம் கிடைக்கும். நல்ல கட்டுரை எழுதினால் கடிதம் கொடுப்பார். அவனுக்கு அதுதான் வழி.

3

ஞாயிற்றுக்கிழமைதோறும் நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். மகன் என்னோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நானும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சாட்டு, முதல் நாள் வேடம், இரண்டாம் நாள் வேடம், கடைசி நாள் களிமண்ணும் வைக்கோலும் வைத்துச் செய்கிற தாயாரின் பெரிய உருவம், விடியலில் அதன் கன்னத்தைப் பிய்த்துக் கூட்டத்தில் எறிவது, அந்த மண்ணைத் தீராத நோய்க்கு மருந்தாக வைத்துக்கொள்வது, எல்லாம். பண்டவேடத்தைப் பற்றி இரண்டு ஞாயிறு சொன்னேன். உடம்பெல்லாம் குங்குமம் பூசி, இடுப்பில் வேப்பிலை கட்டி, எதிரில் வருகிறவன் தாசில்தாரானாலும் வாய்க்கு வந்தபடி வைவது. அந்த வேடத்தில் வையாமல் இருந்தால்தான் குற்றம். தாயாருக்கு அது பிரீதி. கோயிலில் கடனைச் செலுத்திவிட்டு, குளத்தில் முழுகி எழுந்தால் வேடம் போயிற்று. அப்புறம் அவன் சாதாரண மனுஷன்.

மூன்றாம் ஞாயிறு கேட்டான்.

"ஊரை விட்டுப் போயே ஆக வேண்டிய அவசியம் வந்தும், சாட்டுக்காகப் போகாமல் நின்றவர் யாராவது உங்களுக்குத் தெரிந்து உண்டா? கேள்விப்பட்டது வேண்டாம். நேரில் தெரிந்தது."

அடுப்படியில் அக்கா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளதை உள்ளபடி என்று போட்டிருந்தார்களே. தாயாரைப் பற்றிச் சொல்லும்போது பொய் கலக்கலாமா? அதோடு இன்னொன்றும் இருந்தது. அவளுக்காக நான் நின்றேன் என்பதில் எனக்குள் ஒரு பெருமை, இத்தனை வருஷம் யாரிடமும் காட்டாத பெருமை.

"உண்டு. நான்தான்," என்றேன்.

"எதற்காகப் போக வேண்டியிருந்தது?"

"உங்க அம்மாவுக்காக."

அவன் பென்சில் நின்றது. பிரசவத்தில் அம்மா போய்விட்டாள் என்பது வரைக்கும்தான் அவனுக்குச் சொல்லியிருந்தோம். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். அப்புறம் பென்சிலைச் சீவிக்கொண்டு, "எந்த வருஷம்?" என்றான்.

அந்த நிமிஷம் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். அவன் வருஷம் கேட்டான். நான் வருஷம் சொன்னேன்.

4

பிறகு முழுதாகச் சொன்னபோது அவனிடமும், அதற்கு முன் எல்லோரிடமும் எப்படிச் சொன்னேனோ அப்படியே இங்கும் எழுதுகிறேன்.

சித்தூர் தனி ஜில்லா ஆன பிறகு நடந்தது இது. அலிபிரிக்குப் போகிற சாலையில் எனக்கு நாமக்கட்டிக் கடை. மலையேறப் போகிறவர்கள் வாங்குவார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் எங்களுக்குக் குழந்தையில்லை. என் மனைவி ருக்கு பாகாலாக்காரி. வயிற்றில் ஒன்று நின்றால் பண்டவேடம் போடுகிறேன் என்று கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்டேன். நின்றது. தலைப்பிரசவத்துக்குப் பாகாலாவுக்கு, தாய்வீட்டுக்குப் போனாள். சாட்டுப் போட்ட செவ்வாய்க்கிழமையே பிள்ளை பிறந்தது என்று சேதி வந்தது. வியாழக்கிழமை நான் வேடம் போட வேண்டும். நல்ல நேரத்தில் தாயார் கொடுத்தாள் என்று சந்தோஷமாகப் போட்டேன்.

அன்று பகலில் என் மாமனார் பாகாலாவிலிருந்து ரயிலேறி வந்தார். ரயில்வேயில் சாமான் தூக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி. பெரிய மீசை. வெயிலில் செருப்பில்லாமல் வந்திருந்தார். போட்டுக்கொள்ள மறந்துவிட்டார் என்று அப்புறம்தான் எனக்குத் தோன்றியது. என்னைச் சுற்றி வேடக்காரச் சிநேகிதர் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"மாப்ளே," என்றார். "ருக்குக்கு ஜொரம். நேத்திலேர்ந்து ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. நெனவு தப்பித் தப்பி வருது. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. மிஷன் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும்."

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"நீ வந்தா நல்லது. சாட்டு, வர முடியாது, தெரியும். புருஷன் வார்த்தை இல்லாம வெள்ளக்காரிங்க கையில குடுக்க மாட்டேன்னு உங்க மாமியா ஒக்காந்துக்கினு கீறா. ஆஸ்பத்திரியிலயும் கத்தி வெக்கணும்னா புருஷன் கையெழுத்துக் கேப்பாங்களாம். காயிதம் கொண்டாந்திருக்கேன். ஒரே ஒரு வரி எழுதிக் குடு நைனா. நாலரை வண்டிக்குப் பூடறேன்."

மடித்த காகிதத்தையும் பென்சிலையும் நீட்டினார்.

சிநேகிதரில் ஒருவன் சிரித்தான். "ஒரேய் நாமக்கட்டி! ஆத்தாகிட்ட புள்ள வாங்கிக்கினு பொண்டாட்டிய வெள்ளக்காரிகிட்ட குடுக்கப் போறியா? நாளைக்கு உன் கடையில நாமக்கட்டியா, சிலுவையா?"

எல்லோரும் சிரித்தார்கள். வேடத்தில் இருக்கிறவன் நல்ல வார்த்தை பேசக்கூடாது. மாமனார் முகத்தைப் பார்த்து நான் சொன்னேன்:

"செத்தா சாவட்டும், போய்யா."

இன்னும் பெருத்த சிரிப்பு. மாமனார் காகிதத்தை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

வேடக்காரன் வைதால் வைதவன் மேல் பழியில்லை. வசவு வாங்கியவனுக்கு ஆசீர்வாதம். இது ஊரறிந்த வழக்கம். தாயார் பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன்.

5

புதன்கிழமை விடியலில் கூட்டத்தில் முட்டி மோதித் தாயாரின் கன்னத்து மண் எலுமிச்சம்பழம் அளவு பிடித்துவிட்டேன். சட்டை கிழிந்தது, பல் உதட்டில் இறங்கி ரத்தம் வந்தது. எதையும் பார்க்கவில்லை. அந்த மண்ணைக் கரைத்து ருக்குவுக்கு ஒரு வாய் கொடுத்தால் ஜுரம் இறங்கிவிடும். மண்ணை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சாட்டு அவிழ்ந்ததும் முதல் வண்டி பிடித்துப் பாகாலாவில் இறங்கினேன்.

வாசலில் மாமியார் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"மண்ணு கொண்டாந்திருக்கேன் அத்தே," என்றேன். "கரைச்சுக் குடுங்க."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "சனிக்கெழமையே கொளுத்தியாச்சி. உனக்குச் சேதி சொல்லலாம்னாரு உங்க மாமனாரு. சாவட்டும்னு சொன்னவனுக்கு இன்னாத்துக்கு சேதின்னு நாந்தான் தடுத்துட்டேன்."

உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

"அதையும் எடுத்துக்கினு பூடு. கங்கம்மா குடுத்தது தானே? கங்கம்மாவே பால் குடுக்கட்டும்."

ஒரு கையில் மண், ஒரு கையில் பிள்ளை. அந்தக் கோலத்தில் மறுவண்டியில் திருப்பதி திரும்பினேன். அப்போதுதான் தாலியறுத்து வீட்டோடு இருந்த என் அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். மாமனாரை அப்புறம் நான் பார்க்கவேயில்லை. அந்த வருஷக் கடைசியில் அவரும் போய்விட்டார். எங்கள் தெருவில் மட்டும் என்னைக் குறை சொல்ல ஆளில்லை. சாட்டு காத்தவன் என்று கோயிலில் எனக்கு மாலை போட்டார்கள். அந்த மாலையோடு கடையில் உட்கார முடியவில்லை. மூன்று மாதத்தில் கடையை விற்றுவிட்டுக் கப்பலேறினோம். இறங்கிய இடத்தில் வந்தவர்கள் விவரத்தை ஃபாரத்தில் எழுதுகிறவன் மதம் கேட்டான், சொன்னேன். மனைவி என்று கேட்டு, நான் வாய் திறப்பதற்குள் இல்லை என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான்.

காய்ந்த மண் ஒரு தகர டப்பாவில் எங்களோடு வந்தது.

6

நான் கங்காதரனிடம் முதலில் சொன்னது சாட்டைப் பற்றி மட்டும்தான். மாமனாரிடம் சொன்ன அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அதைச் சொன்னது அக்கா. அவன் இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருப்பதைப் பார்த்து, எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"உங்க நைனா ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்லடா. செத்தா சாவட்டும்னு சொன்னான்னு பாகாலாக்காரங்க தூத்தினாங்க. வேசத்துல இருந்தான்டா அவன்! வேசத்துல இருக்கறவன் வேற இன்னா சொல்லுவான்?"

பையன் முகம் மாறியது. கோபம் போய்விட்டது. நோட்டுப் புத்தகத்தைத் தேடினான்.

அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் கட்டுரை முழுவதையும் கட்டினான். வேடம் போட்டவன் பேசுவது அவன் பேச்சே அல்ல, அது வழக்கத்தின் பேச்சு, அதற்கு அவன் பொறுப்பில்லை, பாகாலா வீட்டார் அதை ஒரு மனுஷனின் வார்த்தையாக எடுத்துக்கொண்டதுதான் தவறு என்று இருபது பக்கம் எழுதினான். எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினான். சொல்லும்போது அவன் குரல் இளகியது. அன்று ராச்சாப்பாட்டில் அப்பளத்தை உடைத்துப் பாதியை என் இலையில் வைத்தான்.

காரியதரிசி படித்துவிட்டு மெச்சினாராம். ஆனால் சங்கத்தில் ஒரு சட்டம். நேரில் கண்டு சொல்கிறவன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரம் வந்தது. பெயர் கிடையாது, ‘தகவல் தந்தவர்’ என்று மட்டும். வயது, மதம், படிப்பு. கடைசியில் ஒரு கேள்வி: மேற்படி சொல்லைச் சொன்னபோது தகவல் தந்தவர் வேடத்தில் இருந்தாரா? ஆம், இல்லை. ஒன்றை அடிக்கவும்.

இல்லை என்றால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லை என்றால் கடிதம் இல்லை, சீமை இல்லை. பெருமாள் படத்துக்கு எதிரில் அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூட்டைக்குக் கோடு போடுகிற அதே பேனா. ‘இல்லை’ என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன். ‘ஆம்’ நின்றது.

கட்டுரை அச்சாகி வந்தது. டப்பாவில் இருந்த மண்ணையும் சங்கத்தார் கேட்டு வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். போய்ப் பார்த்தேன். துண்டுச் சீட்டில் எழுதியிருந்ததை அங்கே இருந்த பியூனிடம் படிக்கச் சொன்னேன். களிமண், திருப்பதி, பயன் மருந்து என்று படித்தான்.

நேற்று படகுத்துறையில் கங்காதரன் பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தான்.

"கப்பல் வரைக்கும் வாங்களேன்."

"சாட்டுடா," என்றேன்.

"இங்கே யார் சாட்டுப் போட்டது?" என்றான். அப்புறம் கொஞ்சம் கிட்ட வந்தான். பல வருஷமாகக் கூப்பிடாத பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். "நைனா. கட்டுரைக்காகக் கேட்கவில்லை. அன்னைக்கு நீங்க வேசத்துலதானே இருந்தீங்க?"

‘வேசம்’ என்றான். என் அக்கா சொல்கிற மாதிரி.

"ஆமாண்டா," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் படகில் இறங்கினான். கப்பலுக்குப் போகிற வரை கையை ஆட்டிக்கொண்டே போனான். அவன் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவனில்லை. அதனால் இதை எழுதலாம். சங்கத்தார் கேட்டதற்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். தாயார் பெயரால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். பாகாலாவில் ஸ்டேஷன் பக்கத்து மேஸ்திரி வீட்டில் யாராவது மிச்சமிருந்து இதைப் படித்தால், உங்கள் வீட்டார் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மாமனார் வந்தபோது நான் வேடத்தில்தான் இருந்தேன். அவருக்கு எங்கள் வழக்கம் நன்றாகத் தெரியும். வேடக்காரனிடம் நல்ல வார்த்தை கிடைக்காது என்று கிட்டேயே வரவில்லை. குளத்தங்கரை வேப்பமரத்தடியில் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். நான் கோயிலில் கடனைச் செலுத்தி, குளத்தில் முழுகி, குங்குமம் எல்லாம் போகத் தேய்த்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டு படியேறின பிறகுதான் எதிரில் வந்தார். துவட்டிக்கொள்ள அவர் தோள் துண்டையே எடுத்து நீட்டினார். அதை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னேன்.

நான் அப்போது குளித்து முடித்திருந்தேன்.